நடுங்கினால்தான் பலன்

குளிர்ந்த நீரில் குளித்தால் நோய் அண்டாது என்பவர்கள் பெரும்பாலும் சான்றுக்கு எடுப்பது, நெதர்லாந்தில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வை. 3,018 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினர் வழக்கம்போலக் குளித்தார்கள். மற்றவர்கள் வெந்நீர்க் குளியலின் கடைசியில் 30, 60 அல்லது 90 விநாடிகள் ஷவரைக் குளிர்நீருக்குத் திருப்பினார்கள். 30 நாள்கள் இப்படிச் செய்தவர்கள் உடம்பு சரியில்லை என்று எடுத்த விடுப்பு 29 சதவீதம் குறைந்தது. இதோடு நிறுத்திக்கொள்வது பிரசாரத்துக்கு வசதி. ஆனால் உடம்பு சரியில்லாமல் இருந்த நாள்களின் எண்ணிக்கை இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். நோய் குறையவில்லை, நோயோடு வேலைக்குப் போவது கூடியது. 30 விநாடிக்கும் 90 விநாடிக்கும் பலனில் வேறுபாடு இல்லை என்பதும் உறுத்துகிறது. 30 விநாடியிலேயே முழுப் பலனும் கிடைத்துவிட்டது என்று சிலர் வாதிடலாம். ஆனால் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடுவதுபோலப் போலிக் குளிர்நீர் கொடுக்க முடியாதே! தன் மேல் விழுவது குளிர்நீர் என்று தெரிந்த ஒருவர், ‘நாம் திடமாகிவிட்டோம்’ என்ற நினைப்பிலேயே அலுவலகம் கிளம்பியிருக்கலாம். 2025-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 11 ஆய்வுகளையும் 3,177 பேரையும் கணக்கில் எடுத்தது. அந்தத் தொகையில் மிகப் பெரும் பங்கு இந்த ஒரே ஆய்வுக்குரியது. சான்றின் அகலம் அவ்வளவுதான்.

இதைவிட உறுதியான சான்று, ஷவரைவிட்டு விலகி, மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் கிடைக்கிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 8 பேரை, 10 நாள்கள், நாளுக்குச் சில மணி நேரம் 14–15 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவைத்தார்கள். இன்சுலினுக்கு அவர்கள் உடல் இணங்கும் திறன் ஏறத்தாழ 43 சதவீதம் உயர்ந்தது. 2015-இல் வெளியான இந்த முடிவைக் கண்டதும் பலரும், உடலில் சூடு உண்டாக்கும் பழுப்புக் கொழுப்பைக் கொண்டாடினார்கள். வளர்ந்தவர்கள் உடலிலும் அது இயங்குகிறது என்று 2009-இல் தெளிவானதிலிருந்தே அதன்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. ஆனால் சர்க்கரையை முக்கியமாக இழுத்துக்கொண்டது கொழுப்பு அல்ல, தசை. அதே குழுவினர் பின்னர், வெளிப்படையான நடுக்கம் வராத அளவுக்குக் குளிரைத் தணித்துச் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நடுங்கவைத்துச் செய்த இன்னொரு சோதனையில் சர்க்கரையை உடல் கையாளும் விதம் மேம்பட்டது. ஆக, உடலுக்கு நன்மை செய்வது குளிர் அல்ல, குளிரை எதிர்த்துத் தசைகள் செய்யும் வேலை என்றே தோன்றுகிறது. ‘இதமான குளிர்ச்சி’ என்று விற்கப்படுவதில் அந்த வேலை இல்லை. சென்னையில் மேல்தொட்டித் தண்ணீர் எந்த மாதத்திலும் 14 டிகிரிக்கு வருவதில்லை. அதில் குளிப்பது சுகம், சிகிச்சை அல்ல.

தசை வேலைதான் மருந்து என்றால் நடக்கலாமே, நடுங்குவானேன்? மூட்டுவலியால் நடக்க முடியாதவர்களுக்கு இது மாற்றாகும் என்பது நியாயமான பதில். சிக்கல், அவர்களில் பலர் வயதானவர்கள், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள். குளிர் பட்டதும் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். திடீரென்று குளிர்நீரில் இறங்கினால் முதல் சில விநாடிகளில் மூச்சு தன்னிச்சையாக உள்ளே இழுபடும். அந்த நேரம் தலை நீருக்குள் இருந்தால் நீரும் உள்ளே போகும். இளைஞர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. எடைப் பயிற்சி முடித்ததும் 10 டிகிரி நீரில் 10 நிமிடம் அமர்ந்தவர்களின் தசை வளர்ச்சி, 12 வார முடிவில், மெதுவாக சைக்கிள் மிதித்து உடலைத் தளர்த்தியவர்களைவிடக் குறைவாக இருந்தது. இதுவும் 2015-இல் வெளியானதுதான். ஜிம் வாசலில் ஐஸ் தொட்டி வைப்பவர்கள் இதைப் பேசுவதில்லை.

மனம் தெளிகிறது, சுறுசுறுப்பு வருகிறது என்பதை நான் மறுக்கவில்லை. 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் இருந்த இளைஞர்களின் இரத்தத்தில், விழிப்பூட்டும் நார்அட்ரினலின் பல மடங்கு கூடியது. ஆனால் ஒரு மணி நேரத்தில் வந்ததை அரை நிமிட ஷவரின் கணக்கில் எழுதக் கூடாது. இன்னொன்று, குளிர் பழகப் பழக உடல் நடுங்குவது குறைகிறது. பயிற்சியின் வெற்றி என்று இதைத்தான் சொல்கிறார்கள். பலனைத் தந்தது நடுக்கம் என்றால், இந்த வெற்றியே பலனைக் கரைத்துவிடும். பழைய பலன் வேண்டுபவர் இன்னும் குளிர்ந்த நீருக்குப் போக வேண்டும், அல்லது இன்னும் நீண்ட நேரம் உள்ளே இருக்க வேண்டும். அங்கே ஆபத்தும் கூடவே ஏறுகிறது.