குறிகட்டுவான் துறையும் மூன்று தாமதங்களும்: மகப்பேற்று ஆபத்துப் பற்றிய ஒரு கோட்பாட்டின் மீதான விமர்சனம்

மகப்பேற்று மரணத்தைச் சமூகவியல் நோக்கிலே ஆராய்ந்த எழுத்துகளுள், செரீன் தடேயஸ், டெபோரா மெயின் ஆகிய இருவரும் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட 'நடந்து சேர முடியாத தொலைவு' என்ற கருத்துப்படத் தலைப்பிட்ட கட்டுரை பெருஞ்செல்வாக்குப் பெற்றதாகும். சிக்கல் தோன்றிய பின்னர் மருத்துவ உதவியை நாடத் தீர்மானிப்பதில் ஏற்படும் தாமதம், மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படும் தாமதம், அடைந்த பின்னர் தக்க சிகிச்சை பெறுவதில் ஏற்படும் தாமதம் என மூன்றாக வகுத்து அவர்கள் நோக்கினர். தாயின் அறியாமையே மரணத்துக்குக் காரணம் என எளிதிற் கூறிவிடும் மனப்பாங்குக்கு இவ்வகுப்பு ஒரு மறுப்பாக அமைந்தது. அதன் சிறப்பு அதுவே. எனினும், புங்குடுதீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையிலே நின்று இக்கோட்பாட்டை வாசிக்கும் ஒருவருக்குச் சில ஐயங்கள் எழுதல் தவிர்க்க முடியாதது.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகுகள் இத்துறையிலிருந்தே புறப்படுகின்றன. நயினாதீவு அரைமணிக்குட்பட்ட பயணம்; நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். துறையிலிருந்து வேலணை வழியாகப் பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையை அடைய மேலும் 30 கிலோமீற்றர் வரை செல்ல வேண்டும். இவற்றைக் கூட்டிப் 'பயண நேரம்' என ஓர் எண்ணைப் பெறலாம். ஆனால் கடல் ஒரு தொலைவன்று. அது படகு புறப்படும் வேளை. சோளகம் எழும் மாதம். இரவில் ஓட்டியை எழுப்ப இயலுமா என்ற கேள்வி. வைகாசி தொடங்கிச் சோளகம் வீசுங்காலத்தில் நெடுந்தீவுக் கடல் கொந்தளிக்கும். பின்னர் வாடையின் முறை வரும். ஒரே இடத்திலிருந்து ஒரே இடத்துக்கான தூரம் மாதத்துக்கு மாதம் மாறுமாயின், அதனைத் தூரம் என்ற சொல்லால் எவ்வாறு குறிப்பது?

சிக்கல் தோன்றியதிலிருந்து மரணம் நிகழும் வரையுள்ள சராசரிக் கால அளவை இத்துறை ஆய்வாளர் கணித்துள்ளனர். பேற்றின் பின்னரான குருதிப்பெருக்குக்கு 2 மணி, பேற்றுக்கு முந்திய குருதிப்பெருக்குக்கு 12 மணி, சூல்வலிப்புக்கு 2 நாள், தடைப்பட்ட பேற்றுக்கு 3 நாள், தொற்றுக்கு 6 நாள் என்பன அவை. நெடுந்தீவின் மாவிலித்துறையிலிருந்து கணக்கிடும்போது, இவற்றுள் முதலாவதை வெல்வதற்குப் படகு முன்னரே துறையிற் காத்து நிற்க வேண்டும்.

இவ்விடத்தில் கோட்பாடு கவனியாத ஒன்று தீவார் வழக்கிலே உள்ளது. தூரம், தீர்மானத்தையும் தளர்த்தும் என்று அவ்வாசிரியர் இருவரும் சரியாகவே சுட்டினர். தீவிலோ அது தீர்மானத்தை முந்தச் செய்கிறது. பேறுகாலம் நெருங்கு முன்னரே கர்ப்பவதி கடல் கடந்து உறவினர் வீட்டில் வந்து தங்குகிறாள். கியூபா அரசு 1962ஆம் ஆண்டு தொடக்கம் மகப்பேற்றுத் தங்ககங்களை அமைத்துச் செய்த காரியத்தை, இங்கே மாமியும் சின்னம்மாவும் செய்து வருகின்றனர். மூத்த பிள்ளைகளைப் பிரிதல், வீட்டு வருவாய் குறைதல், பிறர் வீட்டிலே கைபார்த்திருத்தல் ஆகியன இதன் விலை. இவ்விலை எந்தத் தாமதக் கணக்கிலும் ஏறுவதில்லை. பிறப்பும் நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுவதால், தீவின் கர்ப்பம் நகரத்தின் பிறப்பாகிவிடுகிறது.

ஆனால் வழக்கத்தைப் புகழ்ந்து அமைதியடைதலும் பொருந்தாது. நிறைமாதத்தை எதிர்பார்த்துப் பயணப்படும் பெண்ணைத்தான் அது காக்கும். குறைமாதப் பேறு அந்நாளுக்குக் காத்திராது. முற்சூல்வலிப்பு, சூல்வித்தகம் முன்னரே கழலுதல், 37 வாரம் நிறையுமுன் எழும் நோவு ஆகியன, பயணத்துக்கெனக் குறித்த நாளுக்கு முன்பே நேரத்தக்கவை. கழன்ற சூல்வித்தகத்தின் கீழுள்ள சிசுவுக்கு மிஞ்சுவது நிமிடங்களே. தாயின் மரணத்தை மையமாகக் கொண்ட மூன்று தாமதக் கோட்பாடு சிசுவின் கடிகாரத்தைத் தனியே பார்க்கவில்லை என்பது எனது முதன்மையான குற்றச்சாட்டு.

இரண்டாவது, அக்கடிகாரம் சிக்கலின் தோற்றத்தோடு ஓடத் தொடங்குகிறது என்பது. பெரும்பாலான சிக்கல்களை முன்கூட்டி அறிய இயலாது என்ற கருத்தே இதன் அடிப்படை. குருதிப்பெருக்கைப் பொறுத்தவரை இது பெரிதும் உண்மை. எனினும், குருதியில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்த தாய், மற்றொருத்தி தாங்கும் குருதியிழப்பைத் தாங்கமாட்டாள். அவளது சிசு 2,500 கிராமுக்குக் குறைந்த நிறையோடு பிறக்கும் வாய்ப்பும் கூடும். உயர்ந்துவரும் குருதியமுக்கமோ வாரக்கணக்கில் அறிவித்துக்கொண்டே வருவதுண்டு. 2002ஆம் ஆண்டு வெளியான 'மக்பை' ஆய்வு, மக்னீசியஞ் சல்பேற்று சூல்வலிப்பின் வாய்ப்பைப் பாதியாகக் குறைப்பதை நிறுவியது. குறைமாதச் சிசுவின் நுரையீரலை முதிர்விக்கும் ஸ்டீரோயிட்டு ஊசியும் பேற்றுக்கு ஒரு நாளேனும் முந்தி இடப்படின் நன்கு பயன்படும். ஆகவே குடும்பநல மாதுவின் கையிலுள்ள அமுக்கமானி, தீவில் அம்புலன்ஸ் படகுக்கு முந்திய தேவையாகிறது.

இலங்கையின் சாதனையை எவரும் மறுக்கவியலாது. 1930களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கு மேற்பட்டிருந்த தாய்மரணம் 2010களில் 30க்கும் 40க்கும் இடைப்பட்டதாயிற்று. 1926இல் களுத்துறை மாவட்டத்தில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் பயிற்றப்பட்ட மருத்துவமாதரும் இதற்குப் பெருங்காரணர். ஆயினும் சராசரி என்பது தீவுகளை மறைக்கும் ஒரு கணக்கு.

கொத்தி என்னும் தீய சக்தி பேற்று வீட்டைச் சூழ்வதாக யாழ்ப்பாணத்து நாட்டார் நம்பினர். நம்மவர் சிலர் இதனை மூடநம்பிக்கையெனத் தள்ளுவர். வேறு சிலர் பண்பாட்டுச் செல்வமெனப் போற்றுவர். இருசாராரும் அதனை வாசிக்கவில்லை. பேறு முடிந்த பின்னும் ஆபத்து வாசலிலேயே நிற்கின்றது என்ற அனுபவ அறிவு அதிலே பதிந்துள்ளது. அவ்வறிவைச் சுமந்த மருத்துவிச்சி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவளாதலின், அவள் கையை நம்பிய வீடுகள் அவள் சொல்லை ஏட்டில் ஏற்றவில்லை. டப்ளின் பேராசிரியர் மோன்செலின் மகப்பேற்று நூலைச் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1857இலேயே யாழ்ப்பாணத்தில் தமிழாக்கி வெளியிட்டார். டப்ளின் தமிழுக்கு வந்தது. அயல்வீட்டு மருத்துவிச்சி வரவில்லை.

மூன்று தாமதங்களுள் அடங்காத வேறொன்றும் உண்டு. 1985 மே 15இல் மாவிலித்துறையிலிருந்து குறிகட்டுவானை நோக்கிவந்த குமுதினிப் படகிலே பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடற்படையினர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகளிற் பெரும்பாலான மக்கள் இடம்பெயர்ந்தனர். படகில் ஏற அஞ்சுதல் 'தீர்மானத் தாமதம்' எனின், அத்தீர்மானம் யாருடையது? கோட்பாடு குடும்பத்தையும் வீதியையும் மருத்துவமனையையும் காண்கிறது. அரசின் ஆயுதத்தைக் காணவில்லை.

இறுதியாக நீர். வங்காளதேசத்தின் கரையோர டாக்கோப் பகுதியிலே நிகழ்ந்த ஆய்வுகள், குடிநீரின் உவர்ப்பு மிகும்போது கர்ப்பகாலக் குருதியமுக்க நோய்களும் முற்சூல்வலிப்பும் மிகுவதைக் காட்டின. நெடுந்தீவுக் கிணறுகளின் உவர்ப்பை அறியாதார் இல்லை; வரட்சி மாதங்களில் அது ஏறும். சில தீவுகளில் உவர்நீக்கிப் பொறிகள் நிறுவப்பட்டுள்ளன எனினும், எந்த வீடு எந்த மாதத்தில் எந்நீரைக் குடிக்கின்றது என்பது வேறு வினா. டாக்கோப்பின் முடிவை அப்படியே இங்கு பெயர்த்து நடுதல் ஆய்வாகாது. உணவிலுள்ள உப்பும் கருவாடும் பிரித்தறியப்பட வேண்டியவை. ஆயின் கர்ப்பவதியின் பதிவட்டையிலே குருதியமுக்கம் குறிக்கப்படும் கட்டத்துக்கு அருகே, அவள் குடிக்கும் கிணற்றின் உவர்ப்பைக் குறிக்க இன்னுமொரு கட்டம் வரைவதற்குப் பெருஞ்செலவு பிடியாது.