தடை வேறு, பாடம் வேறு

ஒரு நூலைத் தடை செய்வது வேறு. அதனைப் பாடநூலாக வைக்காதிருப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியமையால், 'இன்டர்லோக்' புதினம் குறித்து நம்மிடையே எழுந்த வாதம் தெளிவு காணாமலேயே முடிந்து போயிற்று.

தேசிய இலக்கியவாதி அப்துல்லா ஹுசைனின் இப்புதினம் 1971இல் நூல்வடிவம் பெற்றது. செமான், சிங் ஹுவாட், மணியம் ஆகியோரின் குடும்பங்களை முன்னிறுத்தி, மலாய், சீன, இந்தியச் சமூகங்கள் ஒன்றோடொன்று பிணைவதைக் கூற முனைந்த படைப்பு அது. 2011இல் ஐந்தாம் படிவப் பாடநூலாக அது வகுப்பறைக்குள் நுழைந்தபோதுதான், அதிலுள்ள 'பாரியா' என்னும் சொல்லை முன்னிட்டுப் பெரும் எதிர்ப்பு மூண்டது. படிகளைத் தீயிட்டோரும் உளர். முதலில் திருத்தம் செய்ய முன்வந்த அரசு, அவ்வாண்டின் இறுதியில் நூலையே பாடத்திலிருந்து மீட்டுக்கொண்டது.

பெருமாள் முருகனின் 'மாதொருபாகன்' இதனின்றும் வேறுபட்டது. எதிர்ப்பின் நெருக்குதலால் 2015இல் அவர் எழுத்தையே துறப்பதாக அறிவித்தார். 2016இல் சென்னை உயர்நீதிமன்றம், படிப்பதும் விடுப்பதும் வாசகனின் உரிமை என்னும் கருத்தை நிலைநிறுத்தி அவருக்குத் துணை நின்றது. நல்ல தீர்ப்பு. ஆயினும் அவ்வுரிமை மாணவனுக்கு இல்லை. பிடிக்காத பாடநூலை அவன் மூடி வைத்தல் இயலாது. அதிலிருந்து வினா வரும், விடை எழுதியாக வேண்டும். பல்லினப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், அச்சொல் இடைவேளையில் ஒரு பிள்ளையின் பட்டப்பெயராகிவிடக்கூடும். ஆதலின் பாடத்திலிருந்து நீக்கக் கோரியதில் நியாயம் உண்டு. தீயிட்டதில் நியாயம் இல்லை. முன்னது பிள்ளையைக் காக்கும் செயல். பின்னது எழுத்தாளனை அச்சுறுத்தும் செயல்.

இன்னும் ஒன்றை நாம் ஒளிக்காமல் பேசுதல் வேண்டும். இந்நாட்டிற்கு வந்த தமிழர் அனைவரும் அச்சாதியினர் அல்லர் என்று அன்று வாதிட்டோர் இருந்தனர். அவ்வாதம் வசையை மறுக்கவில்லை. அதைத் தன் தலையினின்று இறக்கிப் பக்கத்து வீட்டான் தலையில் ஏற்றியது. அச்சொல் நம் மொழியிலிருந்து சென்றது. அதனை இழிசொல்லாக்கிய வழக்கமும் நம்முடையதே. கங்காணிகள் ஆள்சேர்த்த காலத்தில் அவ்வழக்கமும் நம்மோடு கப்பலேறி வந்து, தோட்டத்து லயங்களில் குடிபுகுந்தது. நூல் அகன்றதும் இது பற்றிய பேச்சும் அகன்றுவிட்டது. தணிக்கையால் விளையும் பெருந்தீங்கு இதுவே: புண் ஆறுமுன்னரே கட்டை அவிழ்த்துவிட்டு, நலமாயிற்று என்று சொல்லிக்கொள்கிறோம்.

செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கும் பண்பை வேந்தனுக்குரிய சிறப்பாக வள்ளுவர் வைத்தார். இன்று அப்பண்பு சமூகத்திற்கும் வேண்டும். பொறுத்தல் என்பது வாய்மூடி இருத்தல் அன்று, பதில் எழுதுதல். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண இரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகியன நம் மக்களின் துயரை நம்மவரே எழுதிய படைப்புகள். அவற்றை நம் மாணவருள் எத்தனை பேர் படித்துள்ளனர்? கோலா தெர்லா போன்ற மலைத்தோட்டங்களில் காடழித்துத் தேயிலை நட்டவர்களின் கதையை மலாய் வாசகர் அறிய நாம் எத்தனை பக்கம் எழுதினோம்?

மணியத்தின் கதையைப் பிறர் பிழைபட எழுதினார் என்று குறை கூறினோம். அதைப் பிழையற, மலாய் மொழியிலேயே, எழுதிக் காட்டும் கடன் நம்மிடம் எஞ்சியிருக்கிறது.