லாட்டின் பேனாக் கோடு

மலேசியாவின் பேராக்கில் கோப்பெங் அருகே 1951இல் பிறந்த முகமது நோர் காலிட், 'லாட்' என்ற பெயரில் தன் பிள்ளைப் பருவத்தையே படக்கதையாக்கினார். 'தி கம்போங் பாய்' 1979இல் வந்தது.

பெரிய கறுப்பு வெள்ளைப் படங்கள், அருகே கதை சொல்லும் சில வரிகள். வண்ணம் தேவைப்படவே இல்லை! நண்பர்களோடு திருட்டுத்தனமாக ஈய மணல் அலசிய சிறுவன்மேல் அப்பா சீறுகிறார். பிறகு தங்கள் ரப்பர் தோட்டத்தைக் காட்டுகிறார்: நன்றாகப் படித்தால், மேற்படிப்புக்கு இதை விற்கலாம். பால்மரக் காட்டில் வளர்ந்த பேராக் தமிழருக்கு அந்த அப்பாவைப் புரியவைக்க விளக்கவுரை வேண்டாம்.

1981இல் 'டவுன் பாய்'. இப்போது களம் ஈப்போ. மலாய்ச் சிறுவனையும் சீன நண்பன் பிராங்கியையும் ராக் அண்ட் ரோல் நெருக்கமாக்குகிறது. கூட்டத்தை வரைவதில் லாட் மன்னன்; ஒவ்வொரு முகத்திலும் ஒரு குணம். முதல் புத்தகம் 2006இல் அமெரிக்கச் சிறுவர்களையும் எட்டியது.