பெயர்ப் பட்டியலும் ஆசிரியத் தொடரும்: சிதம்பரம் இசைக் கல்லூரியை முன்வைத்து ஒரு திறனாய்வு

கல்விக்கூடங்களின் விழா மலர்களில் ஒரு பக்கம் தவறாமல் இடம்பெறும். புகழ்பூத்த ஆசிரியர்கள், புகழ்பூத்த மாணவர்கள் என்ற தலைப்பின்கீழ்ப் பெயர்கள் வரிசையாக நிற்கும். பெயருக்குப் பின்னால் விருது, விருதுக்குப் பின்னால் ஆண்டு. அவ்வளவுதான். படிப்பவர் பெருமிதம் கொள்வார். ஆனால் எதையும் அறிந்துகொள்ளமாட்டார்.

அண்மையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இசையாசிரியை ஒருவர் இத்தகைய பட்டியல் ஒன்றை நம்மிடம் காட்டினார். சிதம்பரம் அண்ணாமலைநகரில் இசை பயின்று, பள்ளிப் பிள்ளைகளுக்கு முப்பதாண்டுகள் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் அவர். அக்கல்லூரியோடு தொடர்புடைய கலைஞர்களை யாரோ அன்பர் ஒருவர் தொகுத்திருந்தார். "எல்லாரும் இருக்கிறார்கள் ஐயா, எனக்குப் பாடம் சொன்னவர்தான் இல்லை" என்றார் அம்மையார். குறையாக அன்றிச் செய்தியாகவே சொன்னார். அச்சொல் நம்மை நெடுநாள் விடவில்லை. இக்கட்டுரை அதன் விளைவு.

இசையைப் பற்றி அரபுக் கல்லூரி ஆசிரியர் எழுதலாமா எனச் சிலர் வினவக்கூடும். இசையின் ஆகுமை பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது 'இஹ்யா'வில் செவிமடுத்தல் குறித்துத் தனிப் பகுதியே எழுதினார் என்பதையும் வாசகர் அறிவர். நாம் ஃபத்வா சொல்ல வரவில்லை. ஓர் அறிவு ஒரு நெஞ்சிலிருந்து மறு நெஞ்சுக்கு எவ்வாறு சென்று சேர்கிறது, அதை எவ்வாறு பதிவு செய்வது என்பதே நம் வினா. அவ்வினாவுக்கு விடை சொல்லும் தகுதி நம் மரபுக்கு மிகுதியாகவே உண்டு.

தபகாத் கற்பித்த முறை

இஸ்னாத் மார்க்கத்தைச் சேர்ந்தது எனக் கருதினார் அப்துல்லாஹ் இப்னு முபாரக் (ரஹ்). சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று வினவாமல் எச்செய்தியையும் முஹத்திஸ்கள் ஏற்கவில்லை. ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஅது தமது 'தபகாத்' நூலில் மனிதர்களைப் புகழின் வரிசையில் அன்றித் தலைமுறையின் வரிசையில் நிறுத்தினார். அவ்வரிசையில், ஒரே ஒரு செய்தியை அறிவித்தவருக்கும் இடம் உண்டு. பின்வந்தோர் ஜர்ஹு, தஃதீல் என்னும் கலையை வளர்த்து, பாராட்டோடு குறையையும் நேர்மையாக எழுதினர்.

இம்முறை மார்க்கக் கல்வியோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 356இல் (கி.பி. 967) மறைந்த அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானி, பாடகர்களைப் பற்றிய 'கிதாபுல் அகானி' என்னும் பெருநூலை இதே முறையில் அமைத்தார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களிலிருந்து தொடங்குகிறது அந்நூல். பாடலை யாத்தவர், அதற்குப் பண் அமைத்தவர், தாள வகை, அச்செய்தியை அறிவித்தவர்களின் தொடர் ஆகிய அனைத்தும் அதில் உண்டு. இப்ராஹீம் அல்மவ்ஸிலியும் அவர் மகன் இஸ்ஹாக்கும் அதில் விருதுப் பெயர்களாக நிற்கவில்லை. யாரிடம் கற்றார்கள், யாருக்குக் கற்பித்தார்கள் என்பதோடு நிற்கிறார்கள். அபுல் ஃபரஜின் நம்பகத்தைக் குறைகூறிய அறிஞர்கள் உண்டு. ஆயினும் இப்னு கல்தூன் போன்றோர் அந்நூலை அரபியரின் வாழ்வுக் களஞ்சியமாகவே மதித்தனர்.

சிதம்பரத்தில் கூடிய தொடர்கள்

இக்கண்ணாடியை அணிந்துகொண்டு சிதம்பரத்தைப் பார்ப்போம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920இல் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரி, 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக விரிந்தது. இசைக் கல்லூரியும் அத்தொடக்க காலத்திலேயே எழுந்தது. 'சங்கீத பூஷணம்' அது வழங்கிய பட்டம். 2013இல் தமிழக அரசு தனிச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

அங்குப் பணியாற்றிய ஆசிரியர்களுள் மூவரைப் பட்டியல்கள் தவறாமல் குறிப்பிடும்: டைகர் வரதாச்சாரியார், தஞ்சை பொன்னையா பிள்ளை, சபேசய்யர். 1932, 1933, 1934 ஆகிய மூன்றாண்டுகளில் சென்னை மியூசிக் அகாதமி மாநாட்டுக்கு முறையே தலைமை ஏற்றவர்கள் இம்மூவரும். பட்டியல் இங்கே முற்றுப்புள்ளி இடும். தபகாத் முறையோ இங்கேதான் தொடங்கும்.

சபேசய்யர் மகா வைத்தியநாதய்யரின் மாணவர். வைத்தியநாதய்யர் மானம்புச்சாவடி வேங்கடசுப்பய்யரிடம் பயின்றவர். அவரோ தியாகராஜரின் நேர் மாணவர். வரதாச்சாரியார் கற்றது பட்டணம் சுப்பிரமணிய அய்யரிடம். அவருக்கும் ஆசிரியர் அதே மானம்புச்சாவடியார். ஆக, இரு தொடர்களும் ஒரே மனிதரிடம் சென்று கூடுகின்றன. பல வழிகள் வந்து கூடும் இத்தகைய அறிவிப்பாளரை முஹத்திஸ்கள் 'மதார்' என்பர். அச்சு என்பது பொருள். மானம்புச்சாவடியார் அத்தகையவர். விருதுப் பட்டியலில் இதைக் காண வழியில்லை.

பொன்னையா பிள்ளையின் தொடர் வேறு. அவர் தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களின் வழிவந்தவர். அந்நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் பயின்றவர்கள். ஆடலும் பாடலும் சேர்ந்த அக்குடும்பத்துச் சொத்து, அதுவரை வீட்டுத் திண்ணையிலும் அரசவையிலும் கோயிலிலும் கைமாறியது. வெவ்வேறு சாதியினர், வெவ்வேறு வீட்டினர் காத்துவந்த இவ்விரு மரபுகளையும் ஒரே கூரையின்கீழ், ஒரே மாணவர் அமர்ந்து கேட்க முடிந்தது என்பதே அக்கல்லூரியின் மெய்யான சாதனை. விருதுகளைக் காட்டிலும் இது பெரிது என்பது நம் துணிபு.

அதற்குச் சான்று ஒருவர் போதும். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் தலைநகர் கடலூர். அம்மாவட்டத்து வளவனூரில் 1917இல் பிறந்த எஸ். இராமநாதன், சிதம்பரத்தில் இவ்வாசிரியர்களிடம் கற்றுச் சங்கீத பூஷணம் ஆனவர். பின்னாளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில், சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்து முனைவர் ஆனார். கீர்த்தனைப் பாடாந்தரம் அறிந்த ஒருவர் இளங்கோவின் பண்களைத் தேடிச் சென்றது எப்படி? தற்செயல் எனச் சொல்வதற்கில்லை. அதே பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக 1931 முதல் 1933 வரை விளங்கியவர் விபுலானந்த அடிகள். இலங்கையின் கிழக்கே, முஸ்லிம் ஊர்களை இருபுறமும் அண்டை கொண்ட காரைதீவில் பிறந்தவர். பழந்தமிழ் இசையை ஆராய்ந்த அவரது 'யாழ் நூல்' 1947இல் வெளிவந்தது. இராமநாதன் அவரிடம் பாடம் கேட்டார் என்று நாம் சொல்லவில்லை; அவ்வளாகத்தில் அத்தேடல் முன்பே ஊன்றப்பட்டிருந்தது என்கிறோம்.

பட்டியல் மறைக்கும் மற்றொன்று, உள்முரண். மேற்சொன்ன ஆசிரியர்கள் காத்த உருப்படிகளில் பெரும்பகுதி தெலுங்கும் வடமொழியும். அக்கல்லூரியை நிறுவிய செட்டியாரே 1941இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எழுந்தது. 1942இல் 'நந்தனார்' திரைப்படத்தில் நடித்துப் பாடிப் புகழ்பெற்ற தண்டபாணி தேசிகர் பின்னாளில் அங்கே இசைத்துறைக்குத் தலைமை ஏற்றார். தேவாரம் ஓதும் மரபில் வந்தவர், திரையில் அறிமுகமானவர், பல்கலைக்கழகப் பீடத்தில் அமர்ந்தது சிறிய மாற்றமன்று. சபேசய்யரையும் தேசிகரையும் அடுத்தடுத்த வரியில் எழுதி நகர்ந்துவிடும் பட்டியல், அவ்விரு வரிகளுக்கு இடையே நிகழ்ந்த விவாதத்தையே அழித்துவிடுகிறது.

இழப்பும் இல்லாமலில்லை. குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கற்பது வேறு. மணி அடித்தால் எழுந்து செல்லும் வகுப்பு வேறு. பட்டம் பெற்றோர் அனைவரும் மேடை ஏறவில்லை. பலர் பள்ளிகளுக்கும் வானொலி நிலையங்களுக்கும் சென்றனர். இதைத் தோல்வி என்று எண்ணுவது, அறிவிப்பாளர் எல்லாரும் புகாரி ஆகவில்லையே என வருந்துவதற்கு ஒப்பாகும். மஞ்சக்குப்பத்து அம்மையாரிடம் பாடிப் பழகிய பிள்ளைகளும் அத்தொடரின் கண்ணிகளே.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை பிறர் வீட்டுக் கணக்கைப் பார்த்தோம். அம்மையார் பேச்சின் ஊடே நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களவர் சீறாப்புராணத்தை எந்த இராகத்தில் ஓதுவார்கள்? யாரிடமிருந்து வந்த பாட்டு முறை அது?" நம்மால் விடை கூற இயலவில்லை.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். நாம் மதரஸாவில் ஓதிய காலத்தில், பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ரபீவுல் அவ்வல் மாத இரவுகளில் வந்து சீறாவும் முனாஜாத்தும் பாடுவார். தொடங்குமுன் தம் உஸ்தாதின் பெயரையும், அவருடைய உஸ்தாதின் பெயரையும் சொல்லித் துஆ செய்வார். அது நம் இளமைக்கு வீண் நீட்டலாகத் தோன்றியது. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தோம். ஹதீஸ் பாடத்தில் ஓர் அறிவிப்பாளர் பெயர் தவறினால் பிரம்படி வாங்கிய நாம், கண்ணெதிரே ஒருவர் சொன்ன ஸனதை எழுதி வைக்கவில்லை. அவர் மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகிறது. அப்பெயர்கள் இன்று நம் நினைவில் இல்லை. அவர் ஊரில் விசாரித்தோம்; அறிந்தவர் எவரும் இல்லை.

காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும் அச்சில் கிடைக்கின்றன. அவற்றைப் பாடிக் காத்தவர்களின் தொடரோ எங்கும் கிடைக்கவில்லை. நம் இசை பற்றிப் பேச்செழுந்தால் நாகூர் ஈ.எம். ஹனீபா என்று சொல்லி நின்றுவிடுகிறோம். நாதஸ்வர மேதை ஷேக் சின்ன மௌலானாவின் (1924–1999) ஆசிரியர் தொடரை நாதஸ்வர உலகம் அறிந்திருக்கும் அளவுக்கு நாம் அறிந்திருக்கிறோமா? புகழ்ப் பட்டியலில் முஸ்லிம் பெயர்கள் இல்லையெனப் பிறரைக் குறைசொல்லும் கட்டுரைகள் நம் இதழ்களில் வருவதுண்டு. எழுதி வைக்காதவர்கள் நாம் என்பதை அக்கட்டுரைகள் சொல்வதில்லை.

சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்துக்குள் பரங்கிப்பேட்டையும் லால்பேட்டையும் இருக்கின்றன. ஒருபுறம் இசையை முறையாகப் பயிற்றும் பல்கலைக்கழகம். மறுபுறம் ஸனது என்னும் கலையை இன்றும் ஓதிக் கொடுக்கும் அரபுக் கல்லூரி. நம் மாணவர் பத்துப் பேர், தத்தம் ஊரில் முனாஜாத்து, கிஸ்ஸா, சீறா ஓதத் தெரிந்த முதியோரிடம் சென்று, யாரிடம் கற்றீர்கள், எதைக் கற்றீர்கள், யாருக்குக் கற்பித்தீர்கள் என்னும் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதட்டும். பாட்டைப் பதிவு செய்ய இன்று கைபேசியே போதும். பண்ணை அடையாளம் காட்ட மஞ்சக்குப்பத்து அம்மையார் இசைந்திருக்கிறார். வரும் ரபீவுல் அவ்வலுக்குள் முதல் ஏட்டை அவரிடம் கொண்டு செல்வதாக நாம் வாக்களித்துள்ளோம், இன்ஷா அல்லாஹ்.