துடுப்புக்காரனின் திண்டு

சலாமிஸ் கடற்போர் என்றதும் ஏதென்ஸ் தளபதி தெமிஸ்தோக்ளீஸின் சூழ்ச்சியைப் பேசுகிறோம். கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பாரசீக மன்னர் செர்க்ஸீஸைப் பேசுகிறோம். எனக்கோ துடுப்புக்காரர்கள் உட்கார்ந்திருந்த திண்டின்மேல்தான் ஆசை. ஏதென்ஸின் ட்ரைரீம் கப்பலில் மூன்றடுக்காக 170 பேர். ஆளுக்கொரு துடுப்பு, ஒரு திண்டு, துடுப்பை முளையோடு பிணைக்க ஒரு தோல் வார். கி.மு. 429-இல் பெலொப்பொனீசிய மாலுமிகள் இந்த மூன்றையும் ஆளாளுக்குச் சுமந்துகொண்டு கொரிந்திலிருந்து தரைவழியே நடந்ததை வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் மறக்காமல் எழுதியிருக்கிறார்.

அந்த வாரைக் கட்டுவதே ஒரு கைப்பக்குவம். இறுகினால் துடுப்பு திரும்பாது. தளர்ந்தால் முளையில் மோதி லொட்டு லொட்டென்று அடிக்கும். உப்புநீரில் ஊறி, வெயிலில் விறைத்து, மறுபடி ஊறி, ஒவ்வொரு இழுப்புக்கும் முனகும் தோல். குழல்காரன் ஊதும் தாளத்துக்கு 170 முனகலும் ஒன்றாக எழ வேண்டும். கீழடுக்கில் இருப்பவனுக்குக் கடல்கூடத் தெரியாது. முன்னால் இருப்பவனின் முதுகும் வியர்வை வாடையும்தான். அவனுடைய பொறுமையைத் தாங்கியது அந்தச் சிறு திண்டு. நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸுக்கு இது தெரிந்திருக்கிறது. கி.மு. 424-இல் மேடையேறிய 'குதிரைவீரர்கள்' நாடகத்தில், வெறும் கல்லில் உட்கார்ந்திருக்கும் முதியவர் டெமோஸை எழுப்பி, சலாமிஸில் பாடுபட்ட இடம் நோகக் கூடாதென்று, தன் கையால் தைத்த திண்டை ஒருவன் அடியில் வைக்கிறான்.