நிலமும் நாடியும்: சித்த மருத்துவத்தின் கிளைகளும் அளவைகளும்

சித்த மருத்துவத்தில் உடலும் உலகும் ஐம்பூதங்களால் ஆனவை. வாதம், பித்தம், கபம் மூன்றும் 1, 1/2, 1/4 என்ற அளவில் நின்றால் நலம். அளவு பிறழ்ந்தால் நோய். ஆகவே நோயாளியின் ஊரும் பருவமும்கூட நோய்க்கணிப்பில் சேரும்.

மருத்துவ நூல்கள் ஐந்திணைக்கும் நோய்க்கணக்கு வைத்திருக்கின்றன. மருதத்தில் வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றமும் அடங்கும். நெய்தலில் வாதம் மிகும். பாலை மூன்றுக்கும் இருப்பிடம். முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் திரிவதே பாலை. நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டை மானாவாரிப் பகுதியில் கண்மாய் வறளும் ஆண்டுகளில் இந்தத் திரிபைக் கண்ணால் காணலாம். ஆனால் அந்த வறண்ட தரிசே மருந்துக் களஞ்சியமும் ஆகும். நீரிழிவுக்கு ஆவாரை, நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில், இருமலுக்குக் கண்டங்கத்திரி என்று மரபு அங்கிருந்தே சரக்கு எடுக்கிறது.

நோயறிய நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், நீர் என எட்டு வழிகள் உண்டு. தேரையர் பெயரால் வழங்கும் நெய்க்குறி முறையில், காலைச் சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விடப்படும். துளி பாம்புபோல் நீண்டால் வாதம். மோதிரம்போல் பரவினால் பித்தம். முத்துப்போல் நின்றால் கபம்.

மருந்துக்கும் அளவுகோல் உண்டு. அக மருந்து 32, புற மருந்து 32. மூலிகை காய்ச்சிய குடிநீரின் ஆயுள் 3 மணி நேரம், பொடியான சூரணத்துக்கு 3 மாதம், புடமிட்டு நீற்றிய பற்பத்துக்கு 100 ஆண்டு. நன்கு முடிந்த பற்பம் நீரில் மிதக்கும். விரல் ரேகைக்குள் படியும். உலோக மினுக்கம் அதில் இராது.

மரபின் கிளைகள் பல. அகத்தியர், போகர், தேரையர் பெயர்களில் வழங்கும் நூல்வழி ஒன்று. ஏட்டையும் கைப்பக்குவத்தையும் காக்கும் பரம்பரை வைத்தியர் வழி இன்னொன்று. குமரி மாவட்ட ஆசான்களின் வர்மக்கலை 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என உடலின் 108 உயிர்நிலை இடங்களைக் கணக்கிடுகிறது. யாழ்ப்பாணத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் எழுந்தன.

கலையும் மருத்துவமும் இங்கு சேர்ந்த விதம் தனி. சீனத்தில் லீ ஷிஜென் தொகுத்து 1596இல் அச்சான மருந்துநூல் 1,892 சரக்குகளைப் படங்களுடன் விளக்கியது. தமிழ் ஏடுகள் அந்த வேலையைப் பாட்டிடமும் பெயரிடமும் விட்டன. கொடுக்குபோல் சுருண்ட பூங்கதிர் உள்ளது தேள்கொடுக்கு. ஆடு தொடாத இலை ஆடாதோடை. பெயரே படமாயிற்று. தூரிகை வந்தது தஞ்சையில். இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தி, கண்நோயாளிகளின் கண்களை ஓவியமாக வரைவித்துச் சிகிச்சைக் குறிப்புகளுடன் வைத்தார். அங்கு கையாண்ட முறைகள் செய்யுளாகி, ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ எனத் தொகுக்கப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டில் மரபு கல்லூரிக்குள் வந்தது. உள்நாட்டு மருத்துவ முறைகளை ஆராய்ந்த உஸ்மான் குழுவின் 1923 அறிக்கையை அடுத்துச் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கியது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இலும், தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இலும் வந்தன. இன்று பற்பம் விரல் ரேகையோடு ஆய்வகக் கருவியிலும் சோதிக்கப்படுகிறது. சரக்குக்கான முதல் சோதனை மட்டும் நிலத்தில்தான் இருக்கிறது: சீமைக்கருவேலம் மூடாத தரிசில், உரிய பருவத்தில், சரியான செடியை இனங்கண்டு பறிப்பது.