சம்பளத்துக்கு வெளியே வரையப்படும் கோடு

நாளிதழின் ஒரு பத்தி அகலத்துக்குள் அடங்கிவிடும் சிறு கேலிச்சித்திரமான பாக்கெட் கார்ட்டூனை மும்பையில் அன்றாடப் பழக்கமாக்கியவர் ஆர்.கே. லட்சுமண். 1951 முதல் பல பத்தாண்டுகள் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் வெளிவந்த அவருடைய ‘யூ செட் இட்’ படங்களில், கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்த சாமானியன் வாய் திறப்பதே இல்லை. பிறர் பேசப் பேச, மூக்குக்கண்ணாடிக்கு மேலே உயரும் அவனுடைய புருவமே விமர்சனமாகிவிடுகிறது. அந்தத் தூரிகைக்குப் பின்னால் ஒரு பெரிய நிறுவனத்தின் மாதச் சம்பளம் இருந்தது.

அப்படியொரு பின்பலம் இல்லாமல் வரைபவர்களின் துணிவு தனித்துப் பாராட்டத்தக்கது. பெங்களூருவின் ரச்சிதா தனேஜா 2014இல் இணையத்தில் தொடங்கிய ‘சானிட்டரி பேனல்ஸ்’ தொடரில் நிழலும் இல்லை, நுணுக்கமும் இல்லை. குச்சி மனிதர்கள் இருவர் நின்று பேசுவார்கள், அவ்வளவுதான். ஆனால் எந்தச் சொல்லை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்ற கணக்கு அதில் பிசகுவதில்லை. படம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்க, விரும்பியவர்கள் மட்டும் மாதாமாதம் சிறுதொகை அனுப்பும் வாசகர் ஆதரவு முறை, இத்தகைய கலைஞருக்கு ஆசிரியரின் கத்தரிக்கோலிலிருந்து விடுதலை தருகிறது; ஆனால் வழக்கு வந்தால் முன்னே நிற்க நிறுவனம் இல்லை. 2020இல் அவர் மீது உச்ச நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எழுந்தது. 2024இல் கோஃபி அன்னான் பெயரிலான கார்ட்டூன் துணிவு விருது கிடைத்தது. ஒரு கார்ட்டூனைப் பத்துப் பேருக்கு அனுப்பி ரசிக்கும் வாசகர், அதை வரைந்தவருக்கும் ஒரு சிறு சந்தா அனுப்ப வேண்டும்.